பறந்ததாக ஒரு ஞாபகம்

ஜெர்மனியில் ஒரு காலத்தில் ஓப்பல் ஜிடி வைத்திருந்த பெரியவரிடம் அந்தக் காரைப் பற்றி வாய்தவறியும் கேட்டுவிடாதீர்கள், சாயங்காலம் போய்விடும். 1968 முதல் 1973 வரை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் தயாரான இரண்டு இருக்கைக் கார் அது. இதைவிடச் சுகம் பறப்பது மட்டுமே என்று விளம்பரம் செய்தார்கள். 1.9 லிட்டர் எஞ்சினுக்கு 90 குதிரைத்திறன். பறக்கப் போதாது, பறந்ததாக ஞாபகம் வைத்துக்கொள்ளத் தாராளம்.

முகப்பு விளக்குகள் உள்ளே ஒளிந்திருக்கும். அவற்றைத் திருப்ப மோட்டார் கிடையாது. இருட்டியதும் ஓட்டுநரே நெம்புகோலைப் பிடித்து, தம் கட்டித் தள்ள வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக உருண்டு விழிக்கும். டிக்கிக்கோ வெளியிலிருந்து திறக்கக் கதவே இல்லை. பெட்டிகளை இருக்கைக்கு மேலே தூக்கிப் பின்னால் திணிக்க வேண்டும். அன்று முதுகுவலி என்று புலம்பியதற்கு இன்று ‘தனித்தன்மை’ என்று பெயர்.

துருவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சாட்சி சொல்ல வேண்டிய கார்கள் பலவும் கரைந்தே போய்விட்டன. வாங்கும் ஆசை இருந்தால் முதலில் அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். கதையைப் பிறகு கேட்கலாம்.