மைக் செட் அமர்த்துதல்: கும்மிடிப்பூண்டி வட்டார நோக்கில் ஓர் ஆய்வு

மைக் செட் என்பது சொல்லால் ஒருமை, பொருளால் பன்மை. ஆம்ப்ளிஃபையர், மைக், குழாய் எனப்படும் ஹாரன், ஆளுயர பாக்ஸ், ஒயர்க் கட்டு, இன்சுலேஷன் டேப், இவற்றோடு டெம்போவிலிருந்து குதிக்கும் இரண்டு பையன்கள் வரை அதில் அடக்கம். உரிமையாளருக்கும் அதுவே பெயர். "மைக் செட்டு வந்துட்டாரா?" என்னும் தொடரில் அஃறிணை எழுவாய் உயர்திணை முடிபு கொள்கிறது. இலக்கணிகள் இதைத் திணைவழு என்பர். ஆள் இல்லாமல் தனியே வந்த ஆம்ப்ளிஃபையரோடு ஒரு மாலை போராடிப் பார்த்தவர்கள் வழுவமைதி என்பர்.

1915 டிசம்பர் 24 அன்று ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் ஒலிபெருக்கி கட்டி கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிக்கச் செய்தனர். வரலாறு இவ்வளவு போதும்.

அமர்த்துவோர் அகத்தார், புறத்தார் என இரு வகையினர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடிக் கூழ் முதலியவை அகம். கடைத் திறப்பு, கட்சிக் கூட்டம், சிப்காட் ஆலைகளின் ஆயுத பூஜை, மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் ஆகியவை புறம். பாதுகாப்பு நாளில் காதைக் காப்பது எப்படி என்ற உரை, முன்வரிசையின் காதோரம் வைத்த பாக்ஸ் வழியாகவே நிகழ்த்தப்படும். ஆயுத பூஜையில் வேறொரு சிக்கல். எல்லா ஆலைக்கும் அன்றே செட் வேண்டும். மைக் செட்காரருக்கோ ஆம்ப்ளிஃபையர்தான் ஆயுதம். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டிய பிறகே அது கடையை விட்டுக் கிளம்பும்.

குரலையும் தனியாக அமர்த்தலாம். எல்லை ஊராகையால், ஆட்டோவில் ஓடும் விளம்பரத்தைத் தமிழில் மட்டும் பதிந்தால் ஆரம்பாக்கத்துக்கு அப்பால் பயன்படாது. தெலுங்கிலும் பதிய வேண்டும். பீகார், ஒடிசா தொழிலாளர்கள் வந்தபின் இந்தியும் சேர்ந்தது. மூன்றையும் ஒருவரே பேசினால் கூலி குறையும், மூன்றும் ஒரே மொழிபோல் கேட்கும்.

இத்துறையின் தலையாய சிக்கல் சத்தத்தின் அளவை யார் முடிவு செய்வது என்பது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் குடியிருப்புக்கு 55 டெசிபல், தொழிற்பகுதிக்கு 75 என்கின்றன. வேறுபாடு வெறும் 20 என்று எண்ணலாகாது. ஒலியின் ஆற்றலில் அது நூறு மடங்கு. ஆலையும் வீடும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில், ஒரு காம்பவுண்ட் சுவரைத் தாண்டுவதற்குள் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் நூறில் ஒரு பங்காக இளைத்தாக வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது. கூம்புக் குழாய்க்குத் தமிழகத்தில் தடையும் உண்டு. வேப்பமரங்களுக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

நடைமுறை இது. பக்கத்து வீட்டம்மா வருகிறார்: "தம்பி, பாப்பாவுக்குப் பரீட்சை, கொஞ்சம் கொறப்பா." "சரிக்கா" என்று பையனின் கை குமிழைத் தொடுகிறது. அவர் போனதும் விழா வீட்டு மாமா வருகிறார்: "துட்டு குடுத்திருக்கோமில்ல, ஏத்துப்பா." "சரிண்ணே." கை மறுபடி குமிழைத் தொடுகிறது. இரண்டு முறையும் குமிழ் திரும்பவில்லை. இருவரும் திருப்தியோடு திரும்பினார்கள். மைக் செட் அமர்த்துவதில் கொடுக்கப்படும் கூலியின் பெரும்பங்கு இந்தக் கைக்கு உரியது என்பதே ஆய்வின் துணிபு.

கொய்ங்கென்ற ஊளைக்குக் காரணம், பாக்ஸில் வந்த ஒலி மைக்குக்குள் புகுந்து பெருகி மறுபடி பாக்ஸுக்கே போவது. இதை ஆராய்ந்த டென்மார்க்கின் லார்சன் பெயரால் லார்சன் விளைவு என்பர். வாழ்த்த வருபவர் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்துவது இதைத் தணிக்காது. ஒரு திசையை மட்டும் கேட்க வேண்டிய மைக் பல திசையும் கேட்கத் தொடங்க, ஊளை கூடும். அவர் பையனை முறைப்பார். தெருக்கோடிக் குழாய் 170 மீட்டர் தள்ளியிருந்தால் அதன் ஒலி வந்துசேர அரை நொடி ஆகும். பந்தலில் இருப்பவர்களுக்கு 'அன்பார்ந்த' இருமுறை கிடைக்கும்.

ஒப்பந்தம் வாய்வழி. அட்வான்ஸ் கைமாறினால் தேதி உறுதி, நேரம் உறுதியல்ல. மறுநாள் காலை பையன் முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையே ஒயரைச் சுற்றிக்கொண்டே மைக்குகளை எண்ணுவான். விழா வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று டெம்போவில் ஏறிவிடுவதும், ஸ்டாண்டின் திருகு ஒன்று கோலத்தின் மேல் கிடப்பதும் வழக்கம். பாக்கித் தொகை மாமாவிடம் இருப்பதாக அண்ணனும், அண்ணனிடம் இருப்பதாக மாமாவும் சொல்வர்.