ஏறினால் பறக்காது

கேள்வி: 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் டிராகனோடு திரியும் 'டிரேக்வார்டன்' வீரனைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எப்போது அதன் மேல் ஏறிப் பறப்பேன்?

பதில்: 15-ஆம் நிலை வரை பொறுங்கள். 2021-இல் வந்த 'ஃபிஸ்பன்ஸ் ட்ரெஷரி ஆஃப் டிராகன்ஸ்' நூல் 'ரேஞ்சர்' வகை வீரருக்குத் தந்த வரம்தான் டிரேக்வார்டன். 3-ஆம் நிலையில் வருவது 'டிரேக்' என்னும் குட்டி டிராகன். கூடவே நடக்கும், கடிக்கும். 7-இல் அதற்கு இறக்கை முளைக்கும், நீங்களும் ஏறிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் ஏறினால் அது பறக்காது! லைசென்ஸ் எடுக்காத பிள்ளைக்கு அப்பா பைக் வாங்கித் தந்த கதைதான்.

ஆறுதலுக்கு 11-ஆம் நிலை இருக்கிறது. 30 அடி தூரத்துக்கு நெருப்போ பனியோ அமிலமோ ஊதலாம். டிரேக்தான் ஊத வேண்டும் என்றில்லை, நீங்களே ஊதலாம்; மீசை பத்திரம். டிரேக் செத்தாலும் அழ வேண்டாம், ஒரு மந்திர வாய்ப்பைச் செலவழித்தால் மறுபடி வந்து நிற்கும்.

15-ஆம் நிலைக்கு முன்பே பல ஆட்டக்குழுக்கள் கலைந்துவிடும். ஆகவே முதலில் நண்பர்களைக் கலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.