காற்றாடியும் கூலியும்

கேள்வி: போர் வேலையைப் பறிக்கிறது, கணினியும் பறிக்கிறது என்கிறார்கள். இரண்டில் எது பொல்லாதது?
– ஒரு வாசகி, மாம்புரி

பதில்: போர்தான், சகோதரி. கணினி வேலையைத்தான் எடுக்கும். வீட்டுத் திறப்பைக் கேட்காது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது விடுதலைப் புலிகள் அதையும் வாங்கிக்கொண்டார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். பெரும்பாலானோர் உங்கள் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். நேற்றுவரை கடை நடத்தியவர், தையல் இயந்திரம் மிதித்தவர், வயல் வைத்திருந்தவர் எல்லாரும் ஒரே இரவில் கூலியாட்கள். கற்பிட்டி வெங்காயத் தோட்டத்துக்குக் கைகள் பெருகின. கைகள் பெருகினால் கூலி சுருங்கும். அகதிக்கும் ஊராருக்கும் வந்த மனத்தாங்கலில் பாதி இந்தக் கணக்குத்தான். இரண்டு பக்கமும் வயிறு உண்டே!

இனிக் கணினிக்கு வருவோம். போர் முடிந்த மறு ஆண்டே, 2010இல், உங்கள் ஊரில் 10 மெகாவாற் காற்றாலை எழுந்தது. அது வேறு வகை முதலாளி. காற்று திசை மாறினால் தலையைத் தானே திருப்பிக்கொள்ளும், இறக்கையின் சாய்வையும் தானே சரிசெய்யும். மேற்பார்வைக்குத் தொலைவில் ஒரு கணினித் திரை போதும். ஆனால் ஆணி தளர்ந்தால் திரையால் ஏணி ஏற முடியாது! அங்கேதான் உங்கள் பிள்ளைக்கு இடம். மின்னியலில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுங்கள். மகளையும் சேர்த்தே அனுப்புங்கள். வெங்காயப் பாத்தியில் நாள் முழுக்கக் குனியும் முதுகுக்கு, கோபுரம் ஏறுவது பெரிய காரியமல்ல.