ஆங்கில ஆடைத் தொடர்களின் கேசாதிபாதம்

ஆங்கில மரபுத்தொடர்களில் கணிசமானவை உடுப்பிலிருந்து பிறந்தவை. குளிர்நாட்டார் உடம்பில் துணி அடுக்கடுக்காகக் கிடப்பதால் அடுக்குக்கு ஒரு தொடராவது தேறிவிட்டது. பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, தமிழ்ப்பள்ளியை முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து இடைநிலைப்பள்ளியில் ஏறும் மாணவருக்கு இவை எளிதில் பிடிபடுவதில்லை. அறிவுக்குறைவு காரணமன்று; அவர் வீட்டுக் கொடியில் அந்தத் துணிகள் காய்ந்ததில்லை. எனவே புலவர் மரபுப்படி தலை தொடங்கிக் கால்வரை ஆராய்வதே முறை.

தொப்பி கீழே விழும் நேரத்துக்குள் காரியத்தில் குதிப்பது ஆங்கிலேயரின் சுறுசுறுப்பு. ரகசியத்தைத் தொப்பிக்கடியில் வைப்பது அவரது அடக்கம். தோட்டத்தில் தொப்பி துரைக்கு, தலைப்பாகை கங்காணிக்கு, துண்டு மற்றவர்க்கு. பெரட்டில், அதாவது காலை ஆளெண்ணும் அணிவகுப்பில், துரையைக் கண்டதும் துண்டு தலையிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும் என்பதால் அதனடியில் ரகசியம் தங்காது. தமிழர் மடியைத் தேர்ந்தெடுத்தனர். அங்கே கனமிருந்தால் வழியில் பயம் என்பது அவ்வேற்பாட்டின் ஒரே குறை.

அடுத்தது சட்டை. சட்டையைக் கழற்றாதே என்று ஆங்கிலேயர் சொன்னால் கோபப்படாதே என்று பொருள். தமிழில் சட்டை செய்வது பொருட்படுத்துவது. மேல்சட்டையே இல்லாமல் பால்வெட்டிய காலத்திலும் துரையைச் சட்டை செய்யாமலிருக்க வழியிருந்ததில்லை. இம்முரண்பாட்டை இலக்கணிகள் இன்னும் தீர்க்கவில்லை.

கோட்டு விஷயத்தில் மூன்று மொழிகள் மோதுகின்றன. துணியின் அளவுக்குக் கோட்டை வெட்டு என்பது ஆங்கிலம். உக்கூர் பாஜு டி பாடான் செண்டிரி, அதாவது உன் உடம்பில் வைத்தே உன் சட்டையை அள என்பது மலாய். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது தமிழ். மூவரும் ஈப்போ லஹாட் சாலையில் தையல்கடை வைப்பதாகக் கொண்டால், ஆங்கிலேயரிடம் துணி குறையும், மலாய்க்காரரிடம் துணி தாராளமாயிருக்கும், தமிழரின் வாடிக்கையாளர் வைத்தியரிடம் போக வேண்டியிருக்கும்.

இடுப்பில் ஆங்கிலேயர் சிக்கனத்துக்காகப் பெல்ட்டை இறுக்குகிறார். தமிழர் நடுவில் பெல்ட்டை வைக்காமல் வாயையும் வயிற்றையும் நேராகவே கட்டிவிட்டார். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்து, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, எஞ்சியவர்க்கு இம்முறையே கைகொடுத்தது.

வீட்டில் சிலுவார் போடுபவர் யார் என்று ஆங்கிலம் கேட்டால், அதிகாரம் யாரிடம் என்று கேட்கிறது. தோட்டத்தில் விடை தயார். கொசுவுக்கு அஞ்சிப் புருஷனின் பழைய சிலுவாரைக் கைலிக்கடியிலும் அவருடைய முழுக்கைச் சட்டையை மேலேயும் மாட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கோடு இருட்டில் மரம் வெட்டப் போன மனைவிதான் போட்டவர். அதிகாரம் மட்டும் கூட வரவில்லை. உடுப்பு எதுவானாலும், 1930களின் நிர்ணயக் கூலியில் பெண்ணுக்கு ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்குதான். மாலையில் குளித்துச் சேலை கட்டியபின் நிலைமை மாறும். புருஷனை முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள் என்று லயம் முழுக்கப் பேசும். ஆக, ஆங்கிலேயர் சிலுவாரில் தேடியது தமிழரிடம் முந்தானையில் இருந்தது.

செருக்குற்றவரைப் பூட்ஸை மீறிப் பருத்தவர் என்பது ஆங்கிலம். தமிழர் அதே கனத்தைத் தலையில் ஏற்றினர். ரப்பர் கன்று கோலகங்சாருக்கு வந்தது 1877இல். பிறகு பேராக்கின் பால் கப்பலேறிப் போய் அந்நிய நாட்டுப் பூட்ஸுகளுக்கு உதவியது. வெட்டியவர் காலுக்கு வெகுகாலம் பூட்ஸ் வரவில்லை. பின்னாளில் வந்தது கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, ஊர்வழக்கில் அடிடாஸ் கம்போங். அதை மீறிப் பருத்தவர் எவருமில்லை, அடுத்த அளவு அதே கடையில் கிடைக்கும்.

கடைசியாக, பிறர் காலணியில் நின்று பார்ப்பது ஆங்கிலத்தில் பரிவு. ஈப்போ கல்லுமலைக் கோயிலில் தைப்பூசத்தன்று, செருப்புக் குவியலருகே, பரிவின்றியே இது நடந்தேறுகிறது. பரிவு தேவைப்படுவது வெறுங்காலோடு வீடு திரும்புபவருக்கு.