படம் பார்த்தால் ஆங்கிலம் வருமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் வீடியோ காட்டினால் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்துவிடுமா?

பதில்: பார்த்தால் வராது, பேசினால் வரும். மலேசியாவில் கல்வித் தொலைக்காட்சி 1972இலேயே வந்துவிட்டது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது மடிக்கணினியும் பாடக் குறுந்தட்டும் வந்தன. 2021இல் டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசையும் வந்தது. ஆனால் ஆங்கிலம் புழங்கும் வாய்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பேராக்கின் ஈப்போ நகரக் கடைத்தெருவில் ஆங்கிலம் காதில் விழும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டத்திலோ வீட்டில் தமிழ், வெளியே மலாய். ஆங்கிலத்துக்கு வகுப்பறைதான் கதி.

அந்த வகுப்பறையில் பிள்ளைகளைப் பேச வைக்க இரண்டு நிமிடக் காட்சி போதும். முதலில் ஒலியை அடைத்து, நடப்பதை ஊகிக்கச் சொல்ல வேண்டும். அடுத்து ஒலியோடு. மூன்றாம் முறை நிறுத்தி நிறுத்தி, பாத்திரத்தின் வசனத்தைப் பிள்ளையே பேச வேண்டும். திரையடியில் மலாய் வரி ஓடினால் கண் அங்கேதான் போகும், காது அடைபடும்; ஆங்கில வரியே நல்லது. ஆசிரியர்களே, படத்தை இடையில் நிறுத்தத் தயங்காதீர்கள்.