மூன்று கிலோமீட்டர் முன்னேற்றம்

பல்கலைக்கழக அலுவலர்களின் பெரிய குறை, அவர்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பதுதான். பேராசிரியர் எட்டிப் பார்த்து, "என் பயணப்படி பில் என்னாச்சு?" என்று கேட்டால், அங்கேயே பதில் சொல்லித் தொலைக்கிறார்கள். இப்படியே விட்டால் நிர்வாகம் எப்படி வளரும்?

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் இதற்கு மருந்து கண்டது. செலவைக் குறைக்க 2009-இல் பெய்ன் என்ற ஆலோசனை நிறுவனத்தை அழைத்தார்கள். தொடக்க ஒப்பந்தம் 30 லட்சம் டாலர். சிக்கனம் என்றால் சும்மாவா? துறைதோறும் சிதறிக் கிடந்த பணியாளர், கொள்முதல், கணினிப் பிரிவினரைத் திரட்டி, 2013 முதல் வளாகத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, நான்காம் தெருவில் குடியேற்றினார்கள். இனி எவரும் எட்டிப் பார்க்க முடியாது. கோரிக்கையைக் கணினியில் பதிந்தால் ஓர் எண் கிடைக்கும். பணம் பிறகு வரட்டும், எண் கைமேல்!

இதைப் பின்பற்ற விரும்புவோர் அலுவலர்களை முறையாகத் தயார்செய்ய வேண்டும். 'வேலை போகவில்லை, உருமாறுகிறது' என்று ஒரு கூட்டம். மாற்றத்தை நேசிக்க ஒரு பயிலரங்கு. இருபது வருடமாகப் பேராசிரியர்களின் கிறுக்கல் கையெழுத்தைப் படித்துப் பழகியவருக்கு, அதை மறக்கத் தனி வகுப்பு. தேநீர் உண்டு, கேள்வி நேரம் இல்லை.

சில வருடங்களில் பெர்க்லி அடுத்த புரட்சிக்கும் துணிந்தது: சேவைகளைத் துறைகளுக்கு நெருக்கமாகக் கொண்டுபோக வட்டார அமைப்பு! ஆலோசகர்களே, பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். திரும்பி வருகிறவர்களுக்கும் பயிற்சி வேண்டாமா?