மச்சானுக்குத் தேர் ஓட்டினால்...

குருக்ஷேத்திரத்தில் கண்ணன் என்ன வேலை பார்த்தான் என்று கேட்டால், ‘கீதை!’ என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அந்த 700 சுலோகமும் முதல் அம்பு பறக்கும் முன்பே முடிந்துவிட்டது ஐயா! அதற்கப்புறம் 18 நாளும் அவன் பார்த்தது சுத்தமான டிரைவர் உத்தியோகம்.

அதிலும், ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று தனக்குத்தானே கண்டிஷன் வேறு. எதிரி அம்புக்கு அதெல்லாம் தெரியுமா? திருவல்லிக்கேணி பார்த்தசாரதி உற்சவரின் திருமுகத்தைப் பாருங்கள். பீஷ்மரின் அம்பு பட்ட வடுக்கள் இன்னும் இருக்கின்றன. பின்னால் நின்றவனுக்கு வெற்றிமாலை, முன்னால் உட்கார்ந்தவனுக்கு முகமெல்லாம் தழும்பு!

14-ம் நாள் நட்டநடுப் போரில் குதிரைகள் களைத்துப்போயின. அர்ஜுனன் தரையில் இறங்கி எதிரிகளைத் தடுக்க, கண்ணன் நிதானமாகப் பூட்டை அவிழ்த்தான். குதிரைகளின் உடம்பில் தைத்த அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தேய்த்துக் குளிப்பாட்டி, தண்ணீர் காட்டினான். ஈரேழு உலகத்தையும் காக்கும் கை முழுக்கக் குதிரைமுடி!

குதிரைகளாவது சொன்னபடி கேட்டன. பாண்டவர்களை மேய்ப்பதுதான் பெரும்பாடு. 17-ம் நாள் கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்ணனிடம் செமத்தியாக அடிவாங்கி, தர்மர் பாசறையில் படுத்திருக்கிறார். அர்ஜுனனும் கண்ணனும் பார்க்க வருகிறார்கள். ‘கர்ணனை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள்’ என்று அவருக்கு ஒரே குஷி. ‘இன்னும் இல்லை அண்ணா’ என்றதும் பொறுமையின் சிகரம் பொங்கிவிட்டது. ‘காண்டீபத்தை வேறு யாரிடமாவது கொடுத்துத் தொலை!’ என்றார்.

வந்தது வினை. அப்படிச் சொல்பவன் தலையை எடுப்பேன் என்று அர்ஜுனன் எப்போதோ ஒரு சபதம் செய்திருந்தான். அதுவும் ரகசிய சபதம்! யாருக்குமே தெரியாத சபதத்துக்காக அண்ணன் மேல் வாளை உருவிவிட்டான்.

கண்ணன் குறுக்கே பாய்ந்தான். ‘பெரியவரை மரியாதையில்லாமல் “நீ” என்று பேசு. அதுவே அவரைக் கொன்றதற்குச் சமம்’ என்றான். அடடா, வக்கீல் தோற்றார்! அர்ஜுனனும் சூதாட்டத்திலிருந்து ஆரம்பித்து, வருஷக்கணக்கில் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தான். கொஞ்சம் அதிகமாகவே கொட்டிவிட்டான் என்பது என் சந்தேகம்.

முடிந்ததா? ‘அண்ணனைத் திட்டிவிட்டேனே’ என்று மறுபடி வாளை உருவினான், இந்தத் தடவை தன்னையே வெட்டிக்கொள்ள. ‘தற்பெருமை பேசு, அது தற்கொலைக்குச் சமம்’ என்றான் கண்ணன். இதற்கெல்லாம் அர்ஜுனனுக்கு ஒத்திகையா வேண்டும்? சிவனை விட்டால் வில்லுக்கு நான்தான் என்று வெளுத்துவாங்கிவிட்டான்.

இப்போது தர்மர் முறை. ‘நான் காட்டுக்குப் போகிறேன்’ என்று எழுந்தே விட்டார். கண்ணன் அவர் காலில் விழுந்து சமாதானம் செய்யவேண்டியதாயிற்று. கொல்லப்படவேண்டிய கர்ணனோ களத்தில் ஜோராக இருந்தான்!

எப்படியோ போர் முடிந்து, ராஜ்யமும் கைக்கு வந்தது. ஊருக்குப் புறப்படவிருந்த கண்ணனிடம் அர்ஜுனன் மெல்ல வந்தான். ‘அன்று போர்க்களத்தில் என்னமோ சொன்னாயே, மறந்துபோச்சு. இன்னொரு தடவை சொல்லேன்?’

சாட்சாத் பரமாத்மாவுக்கே எரிச்சல் வந்த இடம் இது. ‘கவனிக்காமல் விட்டுவிட்டாயே! அன்று யோகத்தில் இருந்து சொன்னது. அதை அப்படியே திருப்பிச் சொல்ல என்னாலேயே முடியாது’ என்று கடிந்துகொண்டான். அப்புறம் மனசு கேட்காமல், வேறு விதமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தான். அதுதான் அனுகீதை. முதல் கீதை 18 அத்தியாயம், இது 36.